பதினைந்து கோடுகள்

அண்ணே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீடு திரும்பியபோது உங்கள் மகள் தேவி என் வாசலில் காத்து நின்றாள். கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே வந்து உட்கார்ந்தவள் பையிலிருந்து பெரிய ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். தூக்கி வைக்கவே சிரமப்பட்டாள். பாட்டில் முழுக்கப் பத்து ரூபாய்க் காசு. நான் மூடியைத் திருகினேன். பித்தளை வாடையும், கண்டக்டர் பையின் தோல் வாடையும், அடியில் கொஞ்சம் பழைய எலுமிச்சை ஊறுகாய் வாடையும் சேர்ந்து வந்தன. அது உங்கள் கையின் வாடை. இருபத்திரண்டு வருடம் தினமும் காலையில் என் டிக்கெட் கவுண்டரின் ஓட்டை வழியே உள்ளே நீண்ட கை அது.

“பீரோவுக்கு அடியில கெடந்துச்சு அத்தை. ஒங்களுக்காகத்தான் சேத்து வச்சிருக்காரு போல. நீங்கதான பழைய காசெல்லாம் சேக்குறவுங்க, எடுத்துக்கங்க” என்றாள்.

எனக்காகச் சேர்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் சேர்ந்தது என்றும் தெரியும். காப்பி போட எழுந்து போனேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்கு மேல்மலையில போஸ்டிங் போட்டிருக்காங்க அத்தை. கிளாவரைக்கு. நர்ஸா போயி ஒரு மாசமாச்சு. வீடு வீடா ஊசி போடப் போனா, யாரு மகளுன்னு கேக்குறாங்க. சொன்னதும் மொகம் மாறிப்போகுது. கெழவிய மழையில எறக்கிவிட்டானே, அந்தக் கண்டக்டர் மகளாங்குறாங்க. போன வாரம் ஒரு அம்மா, ஒன் கையால எம்புள்ளைக்கு ஊசி வேணாம்னு தூக்கிட்டே போயிருச்சு. அப்பா அப்படிச் செஞ்சாரா அத்தை? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. “ஒங்கப்பா அப்படிப்பட்ட ஆளு இல்லத்தா” என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். இப்படித்தான் அண்ணே நான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொன்னால் நன்றாயிருக்கிற ஒன்றைச் சொல்லி ஆளை அனுப்பி வைக்கிறவள். உங்களையும் அப்படித்தான் அனுப்பினேன். நீங்கள் போய் ஐப்பசி வந்தால் ஒரு வருடம். இருக்கும்போது சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். இதை யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். உங்களுக்குச் சொன்னால்தான் எனக்கு அது சொன்னதாக ஆகும்.

நமக்குள் பழக்கம் சில்லறையால் வந்தது. நான் பூங்கா வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாயை நீட்டுவார்கள். சில்லறை இல்லை என்றால் என்னவோ நான் ஒளித்து வைத்திருப்பதுபோல் முறைப்பார்கள். உங்கள் மினி பஸ்ஸிலோ கதை வேறு. கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலைச் சனம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசாகவே கொடுக்கும். சாயந்திரம் அதைக் கொண்டுபோய்க் கொட்டினால் உங்கள் முதலாளி எரிந்து விழுவார். அவருக்கு நோட்டாக வேண்டும். ஒருநாள் காலையில் என் கவுண்டர் முன்னால் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு நீங்களாக வந்து, “ஏத்தா, ஒனக்குச் சில்லறை வேணும், எனக்கு நோட்டு வேணும். இதுக்குப் போயி எதுக்கு ரெண்டு பேரும் திட்டு வாங்கிக்கிட்டுத் திரியணும்?” என்று பையை அவிழ்த்தீர்கள். ஊரில் நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு சில்லறை கொடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். நாம் பத்துப் பைசா பிடித்ததில்லை.

நீங்கள் காசு அடுக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே, விரல் நுனியாலேயே ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் பிரித்து எடுப்பீர்கள். இரண்டும் ஒரே அளவில் வர ஆரம்பித்தபோது மட்டும் கொஞ்சநாள் தடுமாறினீர்கள். “இத அடிச்சவன் ஒருநாளு எங்கூட வளைவுல நின்னுக்கிட்டு டிக்கெட் போட்டுப் பாக்கணும்” என்று திட்டினீர்கள். பத்துப் பத்தாக அடுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி வெளியே வரும். அதில் எனக்கென்று எடுத்து வைத்த விசித்திரக் காசுகள் இருக்கும்.

எத்தனை கொண்டு வந்தீர்கள்! தாமரை போட்ட இருபது பைசாப் பித்தளைக் காசு. ஊதினால் பறந்துவிடும்போல் இருக்கும் அலுமினிய மூன்று பைசா, ஐந்து பைசா. வட்டக்கானலில் தங்கும் வெள்ளைக்காரர்கள் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன, என்ன எழுத்தென்றே புரியாத காசு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கொடுத்த, ஓரம் வளைந்து வளைந்து முறுக்குப்போல இருக்கும் காசு. பழனியில் உங்கள் அண்ணன் கடைக்குப் போய் வந்தால் கொண்டு வருகிற காசெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சாமிர்தம் தொட்ட கைகளில் புழங்கியவை. நான் வேதக்காரி என்பதை மறந்து, “நக்கிப் பாரு, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு” என்பீர்கள்.

ஒருமுறை ஓட்டை போட்ட காலணா ஒன்று கிடைத்தது என்று, எனக்குக் கொடுப்பதற்காக இரவல் புளி வாங்கித் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்தீர்கள். பழைய காசைத் தேய்க்கக்கூடாது, அதன் மேலிருக்கும் கறுப்புதான் அதன் வயது, தேய்த்தால் மதிப்புப் போய்விடும் என்று நான் காட்டுக் கத்தல் கத்தினேன். வரிசையில் நின்ற டூரிஸ்டுகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்குக் காசுக்காரி என்று பெயர் வைத்தீர்கள். பஸ் ஸ்டாண்ட் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. கிழிந்த நோட்டா, ஓரம் தேய்ந்த காசா, செல்லுமா செல்லாதா என்று எவனுக்குச் சந்தேகம் வந்தாலும், “காசுக்காரியக் கேளு” என்று என் கவுண்டருக்கு அனுப்புவீர்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது அண்ணே. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். சுற்றிலும் இங்கிலீஷ் பேசுகிற ஊரில், பெரிய பெரிய ஸ்கூல் வாசல்களைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவள். கேட்டால் பதில் சொல்ல எனக்கென்று இருந்தது இந்த ஒரு விஷயம்தான். அதனால் தெரியாது என்ற சொல் அந்தக் கவுண்டருக்குள் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொன்னேன்.

நாலணா செல்லாது என்று அறிவித்தபோது கடைசியாக ஒரு கைப்பிடி கொண்டு வந்து, “இனிமே இதுகளுக்கு நீதான் கெதி” என்று கொட்டிவிட்டுப் போனீர்கள். எட்டணாவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. சட்டப்படி செல்லும், ஆனால் பிச்சைக்காரர்கூட வாங்க மாட்டார். “கவர்மெண்டு செல்லாதுங்குறது ஒண்ணு. சனம் செல்லாதுங்குறது ஒண்ணு. சனத்துக்குத்தான் பவரு சாஸ்தி” என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், நானும் சிரித்தேன்.

அப்புறம் ஐந்நூறும் ஆயிரமும் ஒரே ராத்திரியில் காகிதமான வருடம் வந்தது. அதற்குப் பிறகு சனத்துக்குக் கையில் இருக்கிற எந்தப் பணத்தின் மேலும் நம்பிக்கை இல்லாமல் போனது. அடுத்தது எது போகும் என்ற பயம். அந்தப் பயம் வந்து உட்கார்ந்த இடம் பத்து ரூபாய்க் காசு. மார்க்கெட்டில் வாங்க மாட்டேன் என்றார்கள், டீக்கடையில் வாங்க மாட்டேன் என்றார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. உங்கள் முதலாளி அதை வாங்காமல், அத்தனையையும் உங்கள் சம்பளத்தில் பிடித்தார். அப்போதுதான் ஒருநாள் வெள்ளனே வந்து இரண்டு காசுகளை என் முன்னால் வைத்தீர்கள்.

“ஏ காசுக்காரி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. நீ சொல்லு. இதுல எது நல்ல காசு?”

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மேலே கதிர்போலப் பத்துக் கோடுகள். இன்னொன்றில் பதினைந்து. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. பின்னால் வரிசை நின்றது. நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். யாரிடமும் கேட்காமல், எதிலும் படிக்காமல், அந்த நிமிடத்தில் என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“பத்து ரூவாய்க்குப் பத்துக் கோடுதான் அண்ணே இருக்கணும். பதினஞ்சு இருக்குறது போலி.”

“அட! இத இத்தன நாளா ஒருத்தனும் சொல்லலையே” என்று அசந்துபோனீர்கள். அன்று மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கோடு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பூங்காப் பணத்தைக் கட்ட பேங்குக்குப் போனேன். சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்த தம்பியிடம் கேட்டேன். “எல்லாமே செல்லும்மா. பழைய டிசைன்ல பதினஞ்சு, புது டிசைன்ல பத்து. அவ்வளவுதான்” என்றார். நான் நோட்டீசைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் சொல்லியிருக்கலாம். நீங்கள் வந்தீர்கள், அடுக்கினீர்கள், போனீர்கள். சொன்னால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் போய், “காசுக்காரியே கவுந்துட்டாடா” என்று சொல்லியிருப்பீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு மனமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் போனது. உங்களுக்குக் கடைசிவரை தெரியாமல் போனது இந்த மூன்று வாரம்தான்.

பிறகு நடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். புரட்டாசி மழை. வண்டியில் நிற்க இடமில்லை. மன்னவனூர் தாண்டிய பிறகுதான் கடைசி சீட்டுக்கு டிக்கெட் போட உங்களால் போக முடிந்தது. அங்கே நாகம்மாள் உட்கார்ந்திருந்தார். கிளாவரைக்காரர். பூண்டு விற்ற காசில் படுக்கையில் கிடக்கும் புருசனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார். மிச்சம் அவர் கையில் இருந்தது மூன்று பத்து ரூபாய்க் காசு, பூண்டு வியாபாரி தலையில் கட்டியது. மூன்றும் பதினைந்து கோடு. நீங்கள் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இது போலிக் காசு ஆத்தா, வேற குடு” என்றீர்கள். வேறு இல்லை. “அப்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க” என்று சொல்லிவிட்டீர்கள். அந்த வாரம் மட்டும் உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்திருந்தார்கள், எரிச்சலில் இருந்தீர்கள். அவர் கெஞ்சவில்லை. “நான் ஒண்ணும் கள்ளக்காசு அடிக்கிறவ இல்ல” என்று எழுந்து, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

“பஸ்ஸுல அம்பது பேரு இருந்தோம். ஒருத்தன் முப்பது ரூவா குடுத்திருக்கலாம். நாங் குடுத்திருக்கலாம். எல்லாரும் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தோம்” என்றீர்கள்.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. புருசன் நாலு மணிக்கே போய்விட்டார். மருந்து நேரத்துக்கு வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் போவதற்கு முன்னால் இரண்டு தடவை, “வந்துட்டாளா?” என்று கேட்டாராம். பஸ்ஸில் வந்திருந்தால் மூன்று மணிக்கே வந்திருப்பார்.

மறுநாள் கிளாவரையில் சனம் உங்கள் வண்டியை மறித்தது. முதலாளி உங்களைக் கூப்பிட்டு, போலி என்று யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். “யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்” என்றீர்களாம். டிரைவர் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். உங்களை அந்த வழியிலிருந்து எடுத்துப் பள்ளங்கி வண்டியில் போட்டார்கள். மேல்மலைக்கு நீங்கள் கெழவியை மழையில் இறக்கிவிட்ட கண்டக்டர் ஆனீர்கள்.

அடுத்து நீங்கள் வந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பையை அவிழ்க்கவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். “ஏத்தா, அது நெசமாவே போலிதானா?” என்று கேட்டீர்கள்.

நேருக்கு நேர் கேட்டீர்கள் அண்ணே. நான் டிக்கெட் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு, “அப்படித்தான் சொன்னாங்க” என்றேன். யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நீங்களே பேங்குக்குப் போய் விசாரித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தீர்கள். கோபமே இல்லை உங்கள் முகத்தில். “எல்லாம் நல்ல காசுதானாம். ஒனக்கும் எவனோ தப்பாச் சொல்லிட்டான் போல” என்றீர்கள். தப்பித்துப் போக எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இத்தனை வருடமாக மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் வண்டியில் யார் பத்து ரூபாய்க் காசு கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கினீர்கள். முதலாளிக்கு உங்கள் கைக்காசில் நோட்டு வைத்தீர்கள். கடையில் ஒருவரும் வாங்காத அந்தக் காசுகள் உங்களிடமே தங்கின. மற்றச் சில்லறையையெல்லாம் வழக்கம்போல என் முன்னால் அடுக்கினீர்கள். பத்து ரூபாய்க் காசை மட்டும் ஒருநாளும் என் கவுண்டரில் வைக்கவில்லை. என் முகம் வாடும் என்று நினைத்திருப்பீர்கள். என் ஆல்பத்தில் இன்றுவரை எல்லாக் காசும் இருக்கிறது, அதைத் தவிர.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆண்டவர் மன்னித்திருப்பார். ஆனால் நான் பொய் சொன்னது உங்களிடம். ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த அன்று சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். நீங்கள் மூக்கில் குழாயோடு, “என்ன காசுக்காரி, மேல போறதுக்கு டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். நான் அழுதேன். அழுதுவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கோழை.

தேவி பாட்டிலை வைத்துவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறு ஞாயிறு நானே பள்ளங்கிக்குப் போனேன். உங்கள் வீட்டில், உங்கள் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து, கோடுகளைப் பற்றி, நோட்டீசைப் பற்றி, மூன்று வாரத்தைப் பற்றி, தலையாட்டியது வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பா ஒருநாள்கூட ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல அத்தை” என்றாள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “என்கிட்டச் சொன்னா போதுமா? நானா எங்கப்பாவத் திட்டுறேன்? அங்க வந்து சொல்லுங்க. அந்த ஊர்ல வச்சுச் சொல்லுங்க” என்றாள்.

உங்கள் மகள் அண்ணே. உங்களைவிடக் கறாரானவள்.

போன சனிக்கிழமை இருவரும் கிளாவரை பஸ் ஏறினோம். தேவி பாட்டிலிலிருந்து ஒரு பிடி காசு எடுத்து வந்திருந்தாள். அவள் நீட்டியதும் கண்டக்டர், “பத்து ரூவா காயினா? குடுங்க குடுங்க, எல்லாரும் செல்போன நீட்டுறாங்க, சில்லறைக்கு நாய்படாத பாடு படுறோம்” என்று கோடுகளைக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். மன்னவனூர் தாண்டிய பிறகு ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாகம்மாள் இறங்கியது எந்த இடம் என்று உங்களிடம் நான் கேட்டதே இல்லை. அங்கிருந்து ஊர் அவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து போனபோதுதான் தெரிந்தது. மழையில்லாத நாளிலேயே அந்த ரோட்டில் நடக்க முடியாது.

நாகம்மாள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு அடுத்துதான். முற்றத்தில் ஏழெட்டுப் பேர் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர். எழுபது வயதிருக்கும். தேவியைக் கண்டதும் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அம்மாவும் அதில் ஒருத்தி என்று தேவி என் கையை அழுத்திக் காட்டினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“அம்மா, அன்னைக்கு ஒங்க காசு போலின்னு கண்டக்டருக்குச் சொன்னது நான். நல்ல காசுன்னு தெரிஞ்ச பொறகும் மூணு வாரம் வாயத் தொறக்காம இருந்ததும் நான். அவரு என்னைய நம்பித்தான் ஒங்கள எறக்கிவிட்டாரு. என்னையக் காட்டிக்கொடுக்காம பழிய அவரே வாங்கிக்கிட்டாரு. இது அவரு மக. இந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க.”

அரிவாள்களின் சத்தம் நின்றுவிட்டது. நாகம்மாள் மட்டும் கையிலிருந்த பூண்டை அறுத்து முடித்துக் கூடையில் போட்டார். பிறகு தேவியை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீ அவரு மகளா? எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். “ஏண்டி, வருசா வருசம் புரட்டாசியில மங்கி குல்லாவும் மப்ளருமா ஒருத்தரு எங்க வாசல்ல வந்து நிக்கல? பூண்டு யாவாரின்னு நெனச்சீகளா? அவருதான் இவ அப்பன். எங்க வீட்டுக்காரரு போயி பதினாறாம் நாளே வந்துட்டாரு. நான் மூஞ்சியக்கூட பாக்கல. நின்னுட்டுப் போயிட்டாரு. மறுவருசமும் அதே நாளு வந்து நின்னாரு. நாலாவது வருசந்தான் ஒக்காருங்கன்னு சொன்னேன். அன்னைக்கு அந்த மனுசன் அழுதத நீங்க பாக்கல.”

உங்களுக்கு என்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது என்று எனக்கு அந்த முற்றத்தில்தான் தெரிந்தது.

நாகம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தேவிக்கு முன்னால் கையை நீட்டினார். “எனக்கு பிரசரு பாருத்தா. எல்லாரும் பாக்கட்டும்” என்றார். தேவி பையிலிருந்து கருவியை எடுத்தாள். பட்டையைச் சுற்றி, பம்பை அழுத்தி, அளவைச் சொன்னாள். அதற்குள் அந்தப் பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்து வந்து, “செவ்வாக்கெழம ஊசி உண்டாங்க?” என்று கேட்டாள். உங்கள் மகள் உண்டு என்று தலையாட்டினாள். உங்கள் பெயர் அந்த ஊரில் அந்த நிமிடத்தில் சரியானது அண்ணே. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். நாகம்மாள் அடுத்த பூண்டைக் கையில் எடுத்தார். என்னைத் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அதை அறுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஆளு பதினாறாம் நாளே வந்துட்டாரு. நீ இப்பத்தான் வாரியா?”

பாத்திரம் தேய்க்கும்போதும், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி என் கூடவே இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை. வேண்டியதுமில்லை.

புரட்டாசியில் நீங்கள் போய் நின்ற நாள் எதுவென்று, கிளம்பும்போது தேவியை நாகம்மாளிடம் கேட்கச் சொல்லிக் குறித்து வைத்துக்கொண்டேன். நான் போய் நிற்பேன் அண்ணே. உங்களை உட்காரச் சொல்ல அவருக்கு நாலு வருடம் ஆனது. எனக்கு எத்தனை ஆகும் என்று தெரியாது. எனக்கு வயது அறுபத்து மூன்று.